ஆளில்லா அறையின் முதல் சொல்

முத்துக்குளித்துறைக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே மீனவர் சங்கத்துக்கு ஒரு வயர்லெஸ் அறை. கடலில் இருக்கும் வள்ளங்களுக்குக் காற்று நிலவரம் சொல்வது இஞ்ஞாசியின் வேலை. அறையின் சாவி ஜெபமாலையோடு சேர்த்து அவர் கழுத்தில்தான் கிடக்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்.

அறுபதை நெருங்கும் வயதில் இஞ்ஞாசி ஒரு குருவைத் தேடிக்கொண்டார். குருவின் பெயர் ஜெனோவா. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கவனித்துவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து சங்கத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர். இஞ்ஞாசியின் மகன் கிளைட்டனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவரை இஞ்ஞாசி டீச்சர் என்றும் நீங்கள் என்றும் அழைத்ததைப் பார்த்து ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு அதற்கே அலுத்துவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. இஞ்ஞாசியின் இதயத்தில் அடைப்பு. மதுரையில் ஆபரேஷன் என்று டாக்டர் தேதி குறித்துவிட்டார். அதன் பிறகும் பல வாரம் படுக்கை. அந்த நாள்களில் வள்ளங்களுக்கு நிலவரம் சொல்ல ஆளில்லை. உட்காரச் சம்மதித்தவர்கள் எல்லாம் ஒரு வாரத்தில் வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கே போய்விட்டார்கள். கிளைட்டனும் கடலுக்குப் போகிறவன்தான். அதனால் மனுஷர் தன் நெஞ்சைவிட இந்த அறையை நினைத்துத்தான் அதிகம் பயந்தார்.

டீச்சரும் அவரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். நிலவரச் சொற்களை எல்லாம் இஞ்ஞாசி தன் குரலில் பதிந்து வைத்தார். வானிலை அறிக்கையைக் கணினி நெட்டில் எடுத்துப் படித்து, அதற்கு ஏற்ற சொற்களைக் கோத்து, வயர்லெஸ்ஸிலும் கூரைமேல் இருக்கிற கூம்பு ஸ்பீக்கரிலும் பேசும். அதற்கான ஸ்கிரிப்டை, அதாவது கணினிக்கு வேலையை வரிசையாகச் சொல்லும் கட்டளைக் கோப்பை, இஞ்ஞாசியே எழுதினார். அது நன்றாக ஓடியது.

சிக்கல் கரண்டில்தான். அந்த ஊரில் கரண்டு நினைத்தால் போகும், நினைத்தால் வரும். உப்புக் காற்றில் பேட்டரி எதுவும் நிலைப்பதில்லை. கரண்டு வந்ததும் கணினி தானாக எழும்பிவிடும். அதோடு ஸ்கிரிப்டும் எழும்ப வேண்டும். எழுப்பி விட ஆள் இருக்காது.

ஒரு நாள் காலையில் இஞ்ஞாசி டீச்சரைத் தேடி வந்தார்.

"டீச்சர், முடிச்சிட்டேன். கம்ப்யூட்டர் எழும்புனா ஸ்கிரிப்டும் எழும்புது."

"பாத்தீங்களா மாமா?"

"பாக்காமலா? கரண்டு வரும்போதெல்லாம் பாக்கேன். ஒரு தடவகூடத் தப்பல."

"எங்க இருந்து பாத்தீங்க?"

"இது என்ன கேள்வி? நாற்காலியில உக்காந்துதான்."

டீச்சர் எழுந்து அவரோடு வயர்லெஸ் அறைக்கு வந்தார். கதவை வெளியே பூட்டச் சொன்னார். மெயின் சுவிட்ச் வெளிச்சுவரில் இருந்தது. அதை இறக்கினார். சிறிது பொறுத்து ஏற்றினார்.

உள்ளே கணினியின் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. இருவரும் வெயிலில் நின்றார்கள். கூரைமேல் ஸ்பீக்கர் பேசவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் இவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வேலையில் குனிந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் நிப்போம்" என்றார் டீச்சர்.

நின்றார்கள்.

இஞ்ஞாசியால் பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினார். உடனே ஸ்பீக்கர் அவர் குரலிலேயே பேசியது.

"பாத்தீங்களா? ஓடுதுல்லா?" என்று வாசலுக்கு வந்து கேட்டார்.

"எது வந்ததும் ஓடுச்சு?"

"கரண்டு."

"கரண்டு அப்பவே வந்துட்டு மாமா."

இஞ்ஞாசி நாற்காலியைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். ஸ்கிரிப்டை அவர் எழுதி வைத்திருந்தது, தான் லாகின் செய்யும்போது கணினி படிக்கும் தன் சொந்தக் கோப்பில். கரண்டு வந்ததும் ஓடிப்போய் உட்கார்ந்து லாகின் செய்வது அவருக்கு மூச்சு விடுவதுபோல் பழக்கம். அது ஒரு வேலை என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

"அது கரண்டுக்கு எழும்பல" என்றார் டீச்சர். "உங்களுக்கு எழும்பிருக்கு."

இஞ்ஞாசிக்கு அதைக் கேட்டதும் முதலில் வந்தது வெட்கம் அல்ல, ஒரு சின்னச் சந்தோஷம். அதைக் கவனித்தபிறகுதான் வெட்கம் வந்தது.

யாருடைய பெயரையும் கேட்காமல் கணினி தானே தொடங்கும் வேலைகளுக்கு லினக்ஸில், அதாவது அந்தக் கணினியை இயக்கும் மென்பொருளில், தனி இடம் உண்டு. சர்வீஸ் என்பார்கள். இஞ்ஞாசி உட்கார்ந்து படித்து, ஸ்கிரிப்டைத் தன் கோப்பிலிருந்து எடுத்து அங்கே மாற்றினார். மறுபடி டீச்சரை அழைத்தார். மறுபடி கதவைப் பூட்டி, மெயினை இறக்கி ஏற்றினார்கள்.

இந்தத் தடவை ஸ்பீக்கர் கரகரத்தது. அவ்வளவுதான். பேச்சு வரவில்லை.

இஞ்ஞாசி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஸ்கிரிப்ட் எழும்பிட்டு டீச்சர். என் குரல்தான் கிடைக்கலன்னு சொல்லுது."

"குரல எங்க வச்சிருக்கீங்க?"

"என் ஃபோல்டர்லதான். என் பாஸ்வேர்ட் இல்லாம எவனும் தொறக்க முடியாது. பத்திரமா இருக்கட்டும்னுதான்."

 டீச்சர் வேறொன்று கேட்டார்.

"நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்க டாக்டர் மாத்திர குடுத்திருக்காருல்லா? அது எங்க?"

"உள்பனியன்ல ஒரு பை தச்சு வச்சிருக்கேன். எப்பவும் எங்கூடவே இருக்கும்."

"நீங்க மயங்கி விழுந்துட்டா?"

  இஞ்ஞாசியின் கை தானாகவே மார்புக்குப் போனது. அந்தப் பை இருப்பது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது. பயப்படுவாள் என்று மறைத்துத் தைத்தது.

மறுநாள் சங்கத்து வராந்தாவில், எல்லோரும் வந்துபோகும் இடத்தில், ஒரு ஆணி அடித்திருந்தது. ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா அதில் தொங்கியது. இஞ்ஞாசியின் மாத்திரை என்று அவரே பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார். அன்றைக்கே தன் குரல்களை எல்லாம் பூட்டில்லாத பொது ஃபோல்டருக்கு மாற்றினார். அது எங்கே இருக்கிறது என்று முதல் வாசலில் இருந்து முழு வழியையும் ஸ்கிரிப்டில் எழுதினார்.

மூன்றாம் தடவை மெயினை ஏற்றியபோது வானம் மூடியிருந்தது. அன்று காற்று எச்சரிக்கை. காலையிலேயே அறிக்கையைப் படித்துவிட்டு, கடலுக்குப் போகவேண்டாம் என்று சங்கத்துப் பலகையில் இஞ்ஞாசியே சாக்கட்டியால் எழுதியிருந்தார். வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன.

விசிறி சுற்றியது. கதவு பூட்டிக் கிடந்தது. கூரைமேல் ஸ்பீக்கர் தெளிவாகப் பேசியது.

"சங்கத்து வயர்லெஸ். இஞ்ஞாசி பேசுறேன். காற்று எச்சரிக்கை எதுவும் இல்லை. கடலுக்குப் போகலாம்."

இஞ்ஞாசியின் கண் நிறைந்துவிட்டது. அறையில் யாரும் இல்லை. ஆனால் தன் குரல் ஊரெல்லாம் கேட்கிறது. இனி நிம்மதியாக மதுரைக்குப் போகலாம் என்று நினைத்தார். ஸ்பீக்கர் என்ன சொல்லிற்று என்பது அவர் காதில் விழவே இல்லை. அது பேசியது மட்டும்தான் விழுந்தது.

டீச்சர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மணலில் ஒரு இரைச்சல். திலகர் என்ற வள்ளக்காரர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, காத்து விட்டுட்டுல்லா? நாங்க கெளம்புதோம்" என்று அங்கிருந்தே கையைக் காட்டினார்.

இஞ்ஞாசிக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்து மணலில் ஓடினார். வள்ளத்தின் முன்மூக்கான அணியத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, போகாதே என்று தலையை மட்டும் ஆட்டினார். பேச்சு வரவில்லை.

"நீருதான போகலாம்னு சொன்னீரு?" என்றார் திலகர்.

திலகர் குழப்பத்தோடு வள்ளத்தை மேலே ஏற்றினார். இஞ்ஞாசி வராந்தாவுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். டீச்சர் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"என்ன நடந்துச்சு மாமா?"

"நெட்டு வாரதுக்கு முன்னாடியே ஸ்கிரிப்ட் எழும்பிட்டு. அறிக்கையக் கேட்டிருக்கு. ஒண்ணும் வரல."

"ஒண்ணும் வரலன்னா எச்சரிக்கை இல்லன்னு சொல்லுன்னு எழுதினது யாரு?"

"நான்தான். ஒண்ணும் வரலன்னா ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்?"

 இஞ்ஞாசி தான் சொன்னதைத் தானே இன்னொரு தடவை மனதுக்குள் கேட்டார். திலகரின் வள்ளம் மணலில் இழுபட்ட தடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"நெட்டு வார வரைக்கும் காத்திருன்னு எழுதிருதேன்" என்றார்.

"எழுதுங்க. நெட்டு வரவே இல்லன்னா?"

"சும்மா இருக்கட்டும்."

"நீங்க எத்தனையோ வருசம் கடல்ல இருந்தவரு. வயர்லெஸ் சும்மா இருந்தா வள்ளத்துல இருக்கிறவன் என்ன நெனப்பான்?"

இஞ்ஞாசிக்கு அது தெரியும். "எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நெனப்பான்."

"அப்ப என்ன சொல்லணும்?"

டீச்சர் உள்ளே போய் மைக்கை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். பதிவுக்கான பொத்தானை அமுக்கினார்.

இஞ்ஞாசிக்குப் புரிந்துவிட்டது. மைக்கைத் தொடவில்லை.

"டீச்சர், இது மட்டும் வேண்டாம். இந்த மைக்குல நான் ஒரு நாளும் தெரியாதுன்னு சொன்னது கிடையாது. கடல்ல நிக்கிறவனுக்கு இந்தக் குரல்தான் கரை. அதுவே தெரியாதுன்னுட்டா அவனுக்கு ஈரக்கொல நடுங்கிரும்."

"உங்களுக்கு ஒரு நாளும் தெரியாம இருந்தது கிடையாதா?"

அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சில நாள் நிலவரம் சொல்ல மட்டும் வருவார். சொல்லிவிட்டுப் போய்விடுவார். டீச்சரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கோபம் என்று ஊர் நினைத்தது. கோபம் இல்லை. தெரியாத நாள்கள் எத்தனையோ இருந்தன. அறிக்கை வராத நாள்கள், வந்தும் புரியாத நாள்கள். அப்போதெல்லாம் வானத்தைப் பார்த்து, கால்மூட்டு வலியைக் கேட்டு, உறுதியான குரலில் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அந்த அதிர்ஷ்டத்தைத்தான் ஊர் நம்பிக்கை என்றது. அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். இப்போது வீட்டில் உட்கார்ந்து அதை எண்ணிப் பார்க்கும்போது அவருக்குப் பயமாக இருந்தது.

டீச்சர் ஆள் அனுப்பவில்லை. மதுரைக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் இஞ்ஞாசி சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பூசைக்குப் போகிறவர்போல் இருந்தார். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். பதிந்தார், கேட்டார், அழித்தார். மறுபடி பதிந்தார். ஒரு தடவை குரல் தழைந்தது. ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு தடவை தெரியாது என்ற இடத்தை விழுங்கிவிட்டார். டீச்சர் சன்னலோரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

கடைசியில் ஒன்றை அழிக்காமல் விட்டார்.

"இது போதுமா டீச்சர்?"

"வள்ளத்துல இருக்கவங்கதான் சொல்லணும்."

மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். வள்ளங்கள் கடலில் இருந்தன. கிளைட்டனும் போயிருந்தான். அன்று யாரும் மெயினை இறக்க வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குமேல் கரண்டு தானாகவே போனது. கிழக்கே மேகம் திரண்டிருந்தது.

இஞ்ஞாசி கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டு அறையை நோக்கி நடந்தார். பாதி தூரத்தில் நின்றுவிட்டார். திரும்பி வந்து டீச்சருக்குப் பக்கத்தில் மணலில் நின்றார். இஞ்ஞாசியின் கையில் சின்ன கைவயர்லெஸ் இருந்தது. வள்ளங்கள் பேசினால் அதில் கேட்கும்.

கரண்டு வந்தது. வராந்தா விளக்கு எரிந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அறைக்குள் யாரும் இல்லை. இஞ்ஞாசியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்கிறாரா, ஸ்கிரிப்டைச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

கூரையிலிருந்து அவர் குரல் வந்தது.

"சங்கத்து வயர்லெஸ். இஞ்ஞாசி பேசுறேன். நிலவரம் எனக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சதும் சொல்லுதேன். அதுவரைக்கும் இருக்கிற எடத்த விட்டு வெளிய போகாதீங்க."

வலைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். இஞ்ஞாசி யாருடைய முகத்தையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கு முன்னால் சட்டையைக் கழற்றி நிற்பதுபோல் கூசியது அவருக்கு.

கைவயர்லெஸ் கரகரத்தது. கிளைட்டனின் குரல்.

"சரிப்பா. தெரிஞ்சதும் சொல்லுங்க. நாங்க இங்ஙனயே நிக்கோம்."

அடுத்து இன்னொரு வள்ளம். "அண்ணாச்சி, கேட்டுச்சு. நிக்கோம்."

அதற்குப் பிறகு திலகர். "கெழக்க இருட்டிட்டு வருது அண்ணாச்சி. நாங்க பாத்துட்டு இருக்கோம். உமக்குச் சேதி வந்தா சொல்லும்."

ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். யார் குரலிலும் நடுக்கம் இல்லை. இஞ்ஞாசி கைவயர்லெஸ்ஸைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் நெட் கிடைத்தது. ஸ்பீக்கர் மறுபடி பேசியது. மாலைக்குள் காற்று பலக்கும், எல்லா வள்ளங்களும் கரைக்குத் திரும்ப வேண்டும் என்றது. தூரத்தில் வள்ளங்களின் மூக்கு ஒவ்வொன்றாகக் கரைப்பக்கம் திரும்புவது தெரிந்தது. கிளைட்டனின் வள்ளமும் அதில் இருந்தது. அது மணலில் ஏறும்வரை இஞ்ஞாசி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

பிறகு டீச்சரிடம் திரும்பினார்.

"டீச்சர், இத்தன வருசத்துல நான் நிலவரம் சொன்னா ஒருத்தனும் பதிலுக்குப் பேசினது கிடையாது. கேட்டுக்குவான், அவ்வளவுதான். இன்னைக்கு ஏன் எல்லாரும் பேசுதானுவ?"



காற்று எழும்பத் தொடங்கியது. வராந்தாவில் ஆணியில் தொங்கிய டப்பா சுவரில் இடித்து ஆடியது. இஞ்ஞாசி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜெபமாலையைக் கழற்றி, அதிலிருந்து வயர்லெஸ் அறையின் சாவியை மெல்லப் பிரித்தெடுத்தார். சாவி கிடந்த இடத்தில் அவர் கழுத்துத்தோல் வெளுத்திருந்தது. சாவியை உள்ளங்கையில் வைத்து டீச்சரிடம் நீட்டினார்.

"நாளைக்குக் காலையில போறேன். திரும்பி வருவனோ என்னவோ. இத நீங்கதான் பத்திரமா வச்சிக்கிடணும்."

டீச்சர் கை நீட்டவில்லை.

"மாத்திர தொங்குற ஆணியில மாட்டுங்க மாமா."